என் ஆறு சதவீதம்

கதை தொடங்கும்போதே அவள் சந்தையில் தன் கடைக்குள் இருந்தபடி, கணுக்காலில் உள்ள ஒரு திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். திருகாணி துருப்பிடித்துவிட்டது. அதன் தலை தேய்ந்து, திருப்புளி வழுக்குகிறது. ஒருவழியாகக் கழற்றி எடுக்கும் பாதம் அவளுடைய வயதுக்குச் சின்னது. சிறுமியாக இருந்தபோது பொருத்தியது. அவள் வளர்ந்துவிட்டாள், பாதம் வளரவில்லை.

பரந்தனில் ஏறி முறிகண்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் இருந்து இதை வாசித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் மடியில் பூசணிக்காயோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "என்ன பிள்ளை, பகிடிப் புத்தகமோ?" என்று கேட்டார். "இல்லை அம்மா, ஒரு பெண்ணுக்குக் கால் அளவில்லை" என்றேன். அவர் என் இடது காலைப் பார்த்தார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

புத்தகத்தின் பெயர் 'சின்டர்'. மரிசா மேயர் என்ற அமெரிக்கப் பெண் எழுதி 2012இல் வெளிவந்தது. சிண்டரெல்லாக் கதையை எதிர்காலத்துப் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோய், அடுப்புச் சாம்பலில் கிடந்த பெண்ணைப் பாதி இயந்திரமான பெண்ணாக மாற்றி எழுதியிருக்கிறார். கோயில் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த என் சித்தி மகள், திரும்பிப் போகும்போது பெட்டியின் பாரத்தைக் குறைப்பதற்காக விட்டுப்போன நான்கு புத்தகங்களில் அதுவும் ஒன்று. அவளுடைய பதினைந்து வயது மகள் வாசித்து முடித்தவை. நான்கில் இரண்டு, செயற்கை உடலோடு வாழும் பெண்பிள்ளைகளைப் பற்றியவை. குடும்பத்தில் யாரும் இதை வேண்டுமென்று செய்யவில்லை என்றுதான் நம்புகிறேன்.

சின்டரின் உடலில் 36.28 சதவீதம் மனித உடல் இல்லை என்று கதையில் ஒரு கணக்கு வருகிறது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் பேரேடு எழுதிப் பிழைப்பவள் நான். இப்படி ஓர் எண்ணைக் கண்டால் சும்மா விட முடியாது. முழங்காலுக்குக் கீழே உள்ள காலும் பாதமும் சேர்ந்து மனித உடலின் எடையில் ஏறத்தாழ 6 சதவீதம். எனக்கு முழங்காலுக்குக் கீழே ஆறு விரற்கிடை மிச்சம் இருக்கிறது, அதைக் கழித்தால் இன்னும் குறையும். இருந்தாலும் ஆறு என்றே வைத்துக்கொள்கிறேன். முழு எண், கூட்டிக் கழிக்கச் சுகம்.

அந்த ஆறு போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஏப்ரலில் வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்தது. இடம்பெயர்ந்து மல்லாவியில் கிடந்த நாங்கள் பரந்தனுக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றடியில் தேசிமரம் மட்டும் காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பதினொரு வயது. மிதிவெடி. இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சின்டருக்கும் பதினொரு வயதில்தான் சத்திரசிகிச்சை நடக்கிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு ஒன்பது கால்கள். ஊரில் சிலர் பொய்க்கால் என்பார்கள், படிவங்களில் செயற்கை அவயவம் என்று இருக்கும். எங்கள் வீட்டில் வெறுமனே 'கால்' என்றுதான் பேச்சு. "காலை வெயிலில் வைக்காதே." "கால் எங்கே, கட்டிலுக்குக் கீழேயா?" ஒன்பதில் ஐந்து, இருபது வயதுக்கு முன்பே மாற்றியவை. வளர்கிற பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது காலைத் திருத்தவோ மாற்றவோ வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கு ஐந்து என்பது போதாது. மற்ற ஆண்டுகளில் அளவில்லாத காலோடுதான் நடந்தேன். அதோடு, வெட்டிய எலும்பு சும்மா கிடக்காது. பிள்ளைகளில் அது நுனி கூர்ந்து வளர்ந்து உள்ளேயிருந்து தோலைக் குத்தும். பதினான்கு வயதில் எனக்கு மறுபடியும் வெட்டினார்கள். முதல் முறை வெட்டியதற்கு அழாத அம்மா, அந்த முறை அழுதார்.

இதனால்தான் அந்தத் துருப்பிடித்த திருகாணி என்னைப் பிடித்துக்கொண்டது. செயற்கை உடலைப் பற்றிய கதைகளில் பெரும்பாலும் உடல் ஒருமுறை செய்து முடிந்துவிடும். அதன் பிறகு கதாநாயகி கண்ணாடிக்கு முன்னால் நின்று "நான் யார்?" என்று கேட்கத் தொடங்குவாள். நான் பதின்மூன்று வயதில் கேட்ட கேள்வி வேறு: அடுத்த கால் எப்போது? அதற்கு யாழ்ப்பாணத்துக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? அப்பாவுக்கு அன்று கூலி வேலை கிடைத்தால் பயணம் தள்ளிப்போகும். கிடைக்காவிட்டால் பஸ் காசு இருக்காது.

கால் செய்வதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பிளாஸ்டர் தோய்த்த துணியை ஈரத்தோடு காலின் நுனியில் சுற்றுவார்கள். இறுக இறுக அது சூடு விடும். குளிர் நாளில் அது ஒரு சுகம். இறுகியதைக் கழற்றி உள்ளே பிளாஸ்டர் கரைசலை ஊற்றினால், என் காலின் நுனி ஒரு வெள்ளைச் சிலையாக வெளியே வரும். அதன் பிறகு தொழில்நுட்பவியலாளர் செய்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது. பாரம் தாங்கக்கூடிய இடங்களில் சிலையைச் சீவுவார். நோகிற இடங்களில், எலும்பு துருத்தும் இடங்களில், மேலும் பிளாஸ்டர் பூசி மேடாக்குவார். அதாவது, அந்தச் சிலை என் காலின் அச்சு அல்ல. எங்கே நோகும், எங்கே நோகாது என்பதன் வரைபடம். அதன் மேல் சூடாக்கிய பொலிபுரொப்பிலின் தகட்டைப் போர்த்திக் காற்றை உறிஞ்சி எடுத்தால், தகடு சிலையோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் சொக்கெட். உடைத்து எறியும்வரை சில நாட்கள் அந்தச் சிலைகளைத் தட்டில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒருமுறை என் இலக்கம் எழுதிய பழைய சிலையைத் தட்டில் கண்டேன். தரம் எட்டில் படித்த என் கால். கையில் எடுத்துப் பார்த்தேன். என்னுடையது என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை, இலக்கத்தைத் தவிர.

யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இயங்குகிறது. ஜெய்ப்பூர்க் கால் 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் பிறந்தது. பிரமோத் கரண் சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கினார்கள். ராம் சந்திரர் சைக்கிளில் போனபோது டயர் காற்றுப்போய் நின்றாராம். நின்ற இடத்தில் லொறி டயருக்கு றப்பர் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் றப்பர் பாதம் என்ற எண்ணமே வந்ததாம். இந்தக் கதை உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண்ணில் வளர்ந்தவளுக்கு, சைக்கிளில் இருந்து ஒரு பாதம் முளைப்பதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. அந்தப் பாதத்தோடு செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தலாம், சம்மணம் கொட்டி இருக்கலாம், வயலுக்குள் இறங்கலாம். நிறமும் நம்முடைய நிறம்.

நிறத்தைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், என் இரண்டாவது கால் வெள்ளைக்காரி.

வெளிநாட்டு உதவியாக வந்த கால் அது. யார் கொடுத்தார்கள் என்பது இங்கே முக்கியமில்லை, நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார்கள். இலேசான கால், அழகான கால், வெளிறிய ரோஜா நிறம். வகுப்பில் அதற்கு 'மேரி' என்று பெயர் வைத்தார்கள். "மேரிக்கு இன்றைக்கு வெயில் ஒத்துக்கொள்ளுமோ?" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு காலுக்கு மட்டும் தனியாக ஒரு நாடும் ஒரு பெயரும் இருந்தால், சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

அந்தக் கால் இருந்தபோதுதான் நான் பெரியபிள்ளையானேன். 2004. அம்மம்மா பிடிவாதமாகச் சாமத்தியச் சடங்கு வைத்தார். கொட்டகை போட்டு, பலகாரம் சுட்டு, வன்னி முழுவதிலும் இருந்த சொந்தத்தைக் கூப்பிட்டார். பாலும் அறுகும் தோய்த்துப் பாதம், முழங்கால், தோள், தலை என்று வைக்க வேண்டும். பெரிய மாமி வந்து குனிந்தார். என் வலது பாதத்தில் வைத்தார். இடது பாதத்தின் மேல் கையைக் கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டார். பால் அவருடைய விரல் நுனியில் இருந்து ஒரு துளியாகச் சொட்டப் பார்த்தது. கொட்டகைக்குள் ஒருவரும் பேசவில்லை. வீடியோக்காரர் மட்டும் விளக்கைச் சற்றுக் கிட்டக் கொண்டுவந்தார்.

"என்ன யோசிக்கிறாய்?" என்றார் அம்மம்மா, குசினி வாசலில் நின்றபடி. "அதுவும் அவளுடைய கால்தான். வை."

மாமி வைத்தார். அறுகம்புல் ஒன்று பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டது. அதை நான் உணரவில்லை, பார்த்தேன். பிறகு இரண்டு காலுக்கும் கொலுசு போட்டார்கள். மேரியின் கணுக்கால் ஒல்லி என்பதால் கொலுசு சறுக்கிச் சறுக்கி விழுந்தது. அம்மம்மா நூல் சுற்றிக் கட்டினார்.

1970இல் ஜப்பானியப் பொறியியலாளர் மசாஹிரோ மோரி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். மனிதனைப் போல இருக்கும் பொருள்கள், மிகவும் நெருங்கி வரும்போது, திடீரென்று நமக்கு அருவருப்பை ஊட்டுகின்றன என்பது அவருடைய கருத்து. அந்தச் சரிவுக்கு அவர் வைத்த பெயர் பள்ளத்தாக்கு. ரோபோக்களைப் பற்றிப் பேசும் எல்லோரும் இன்றுவரை அதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டும் பொருள்களில் ஒன்று செயற்கைக் கை. பார்க்க உண்மைக் கை போல இருக்கிறது, பற்றிக் குலுக்கினால் எலும்பில்லாமல், குளிர்ந்து கிடக்கிறது, துணுக்குற்றுப்போகிறோம் என்கிறார். சரிதான். ஆனால் அது கை குலுக்க வந்தவரின் துணுக்குறல். அந்தக் கையை மாட்டியிருப்பவர் அந்த நேரம் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்? மாமியின் விரல் நின்ற அந்தச் சில நொடிகளை நான் மோரியின் பள்ளத்தாக்கு என்றுதான் இப்போது நினைக்கிறேன். அதன் அடியில் இருந்தவள் நான். எனக்கு அருவருப்பு இல்லை. கால் மரத்துப்போய் இருந்தது, பசியாக இருந்தது.

இரண்டாவது புத்தகத்துக்கு வருகிறேன். மேரி பியர்சன் எழுதிய ஜென்னா ஃபொக்ஸ் என்ற பெண்ணின் கதை, 2008இல் வந்தது. எழுதியவர் பெயரும் மேரி. நான் என்ன செய்ய? பதினேழு வயதுப் பெண் ஒருத்தி விபத்துக்குப் பிறகு நீண்ட மயக்கத்தில் இருந்து எழும்புகிறாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது: அவளுடைய மூளையில் 10 சதவீதம் மட்டுமே பழையது, மற்றதெல்லாம் அப்பாவின் நிறுவனம் செய்த செயற்கைப் பொருள். சட்டம் அனுமதிக்காத அளவு. அதனால் அவளை ஒளித்து வைத்து வளர்க்கிறார்கள்.

நன்றாக எழுதப்பட்ட கதை என்பதில் ஐயம் இல்லை. ஒரே இரவில் வாசித்தேன். ஆனால் வாசிக்க வாசிக்க எனக்குள் ஒரு எரிச்சல் ஏறிக்கொண்டே போனது. ஜென்னாவின் உடலில் புண் வருவதில்லை. வியர்வையில் சொக்கெட் வழுக்குவதில்லை. அப்பா பணக்காரர், உடலைச் செய்த தொழிற்சாலையே அவருடையது. புண் வராத செயற்கை உடல் எனக்கு அறிவியல் புனைகதையாகத் தெரியவில்லை, கடை விளம்பரமாகத் தெரிந்தது.

2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது என் சொக்கெட்டுக்குள் மணல் இருந்தது. மூன்று நாட்கள் காலைக் கழற்றவில்லை. கழற்றினால் திரும்பப் போட முடியாமல் போய்விடும் என்று பயம்; வீங்கியிருந்தது. முகாமில் ஒரு தாதி கழற்றியபோது சொக்ஸ் தோலோடு சேர்ந்து வந்தது. பதினெட்டு வயது. "நான் யார்?" என்ற கேள்விக்கு அப்போது என்னிடம் ஒரு பதிவு இலக்கம் இருந்தது.

இந்த எரிச்சலோடு புத்தகத்தை மூடியிருப்பேன், அதில் அலிஸ் என்ற பெண் வராமல் போயிருந்தால். ஜென்னாவின் தோழி. தொற்று நோயில் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் இழந்து, செயற்கை அவயவங்களோடு நடப்பவள். வேடிக்கை என்னவென்றால், உடலில் இவ்வளவு செயற்கை அளவுதான் பொருத்தலாம் என்ற சட்டத்தை விடாப்பிடியாக ஆதரிப்பவள் அவள்தான். கண்மூடித்தனமான மருத்துவம்தான் தன் கைகால்களைப் பறித்தது என்பது அவளுடைய வாதம். மருந்துகளை அளவில்லாமல் பாவித்ததால்தான் அந்த நோய் மருந்துக்கு அடங்காமல் போயிற்று. அவளோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஊன்றுகோலோடு அறைக்குள் வந்து, யார் வீட்டுக் காசில் யார் உடல் செய்யப்படுகிறது என்று கேட்க வைக்கும் ஒரே ஆள் அவள்தான். எழுத்தாளர் அவளைக் கதாநாயகியாக்கியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவளுடைய பெற்றோரும் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதை, வாசிக்கப்போகிறவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

பெற்றோர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜப்பானில் ஒசாமு தெசுக்கா 1952இல் வரையத் தொடங்கிய சித்திரக்கதையில் அட்டம் என்ற ரோபோச் சிறுவன் வருவான். விபத்தில் இறந்த மகனுக்குப் பதிலாக ஒரு விஞ்ஞானி செய்த பிள்ளை. எல்லாம் சரி, ஒரு குறை: அவன் வளர்வதில்லை. அப்பாவுக்கு வெறுத்துப்போகிறது, சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார். எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விஷயத்தின் நரம்பைத் தொட்டுவிட்டார். பிள்ளையின் உடலில் நாம் விரும்புவது அதன் மாற்றத்தை. அரையாண்டுக்கொரு முறை சட்டை சின்னதாகிப் போவதை. என் அப்பா கதவுநிலையில் பென்சிலால் என் உயரத்தைக் குறித்துவைப்பார். 2002க்குப் பிறகு குறிக்கும்போது "எந்தக் காலில் நிற்கிறாய்?" என்று கேட்பார். வலது காலில் நின்றால்தான் கணக்குச் சரி.

சனிக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையில் தரம் எட்டு முதல் பதினொன்று வரை படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். ஆங்கிலப் புத்தகத்தை அவர்களால் வாசிக்க முடியாது. நான் வாரத்துக்கு இரண்டு அத்தியாயமாகத் தமிழில் சொல்வேன். தாள்கள் காற்றில் பறக்காமல் இருக்க, பத்திரிகைகளின் மேல் செங்கல் வைத்திருக்கும் மேசை. அதைச் சுற்றி வாங்குகள். 'சின்டர்' சொல்லத் தொடங்கிய நாளில் முதல் கேள்வி இது: "அக்கா, அவள் கிணற்றடியில் எப்படிக் குளிப்பாள்?"

நான் திகைத்துப்போனேன். நானூறு பக்கத்துக்குக் கிட்டிய புத்தகத்தில் அதற்கு ஒரு வரி பதில் இல்லை. இரண்டாவது கேள்வி: "கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்ற வேண்டும், காலையும் கழற்ற வேண்டுமா?" என்னைப் பார்த்துக் கேட்க வெட்கப்பட்டுச் சின்டரின் தலையில் போட்டார்கள் என்று புரிந்தது. கழற்றத் தேவையில்லை என்றேன். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனால் வைகாசி வெயிலில் மணலில் ஒரு கால் சுடும், மறு கால் சுடாது. ஆட்கள் இரண்டு காலாலும் துள்ளும்போது நான் ஒரு காலால்தான் துள்ளுவேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சின்டர் வளர்ப்புத்தாயின் உடைமை, அந்த நாட்டுச் சட்டத்தில் அவளுக்கென்று ஒன்றும் இல்லை என்று சொன்ன இடத்தில் ஒருவரும் அதிர்ச்சி அடையவில்லை. "அப்படியானால் புதுக் கால் வாங்க யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்?" என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். கையெழுத்து வாங்கும் வரிசையில் அம்மாவோடு நின்று வளர்ந்த பிள்ளை அவள்.

செயற்கை உடல் நமக்குப் புதிதில்லை என்று காட்ட ஒருநாள் திருமூலர் கதையைச் சொன்னேன். பெரியபுராணத்தில் வருவது. சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்துகிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. வழியில் வந்த சிவயோகி ஒருவர் இரங்கி, தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்துகொள்கிறார். பசுக்கள் மகிழ்ந்து வீடு திரும்புகின்றன. மூலனின் மனைவி வந்து கூப்பிடுகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார். திரும்பிப்போய்ப் பார்த்தால் ஒளித்துவைத்த தன்னுடைய உடலைக் காணவில்லை. மிச்சக் காலம் முழுவதும் மூலனின் உடலோடுதான். பெயரும் அவனுடையதே நிலைத்துவிடுகிறது.

உடல் வேறு, உயிர் வேறு என்று விளக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பின்வாங்கில் இருந்த சுருட்டைமுடிக்காரி முந்திக்கொண்டாள். "பசுக்களுக்கு அது மூலன் இல்லை என்று தெரியாதா, அக்கா?"

"தெரியாது போல" என்றேன்.

"தெரிந்திருக்கும். ஆனால் பட்டிக்குக் கொண்டுபோக ஆள் வேண்டுமே."

அதோடு நிற்கவில்லை. அந்த மனைவிக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள். மறுநாள் ஊரார் வந்து, இவர் யோகத்தில் இருக்கிறார், உன்னுடைய மூலன் இனி இல்லை என்று அவளுக்குச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு அப்பால் அவளைப் பற்றிப் பேச்சில்லை. கணவனின் முகம், கணவனின் கை, கணவனின் நடை, உள்ளே வேறொருவர். வாசிகசாலையில் சற்று நேரம் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேருடைய வீட்டில், இல்லாத ஒருவரின் படத்துக்கு மாலை போடுவதா விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 'நான் யார்?' என்பது தனியாக இருந்து யோசிக்கிற கேள்வியாக இருக்க முடியாது. யாராவது வாசலில் நின்று, உள்ளே வருகிறவரைப் பார்த்து, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டும். எனக்கு அம்மம்மா குசினி வாசலில் நின்று சொன்னார்.

சின்டருக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. விருந்துக்கு முன்பே அவளுடைய புதுப் பாதம் பறிபோய்விடுகிறது. பழைய சின்னப் பாதத்தையே மாட்டிக்கொண்டு அரண்மனைக்கு ஓடுகிறாள். திரும்பும்போது படிக்கட்டில் அது கழன்று விழுகிறது. கண்ணாடிச் செருப்பு விழ வேண்டிய இடத்தில் சிறுமியின் இரும்புப் பாதம் கிடக்கிறது. இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். இல்லாத என் பாதம் இன்னும் கடிக்கும். குறிப்பாக மாரி காலத்து இரவுகளில். சொறிய இடம் இருக்காது. இதற்குப் பெயர் வைத்து எழுதிய மருத்துவர்கள் ஒன்றரை நூற்றாண்டாக இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன் ஒரு கண்ணாடியை வைத்தே அந்த வேதனையைக் குறைக்க வழி கண்டார்: இருக்கும் காலின் பிம்பத்தை இல்லாத காலின் இடத்தில் தெரியவைத்து, மூளையை ஏமாற்றுவது. நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் அலுமாரிக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கடி கொஞ்சம் தணிந்தது. ஆனால் கண்ணாடியில் தெரிந்தது முப்பது வயதுப் பெண்ணின் பாதம், வெடித்த குதிக்காலோடு. கடித்துக்கொண்டிருந்ததோ அதைவிடச் சின்னது. தேசிமரத்தடிக்குப் போன பாதம். அது எந்தப் படிக்கட்டிலும் கழன்று விழப்போவதில்லை.

இனிப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே தொடங்கினார்கள். சுருட்டைமுடிக்காரியின் கதை இரணைமடுவில் நடக்கிறது. ஆண்டு 2090. குளத்தில் கதவு திறக்கும் வேலையில் இருக்கும் இயந்திரப் பெண்ணுக்கு ஒவ்வொரு மாரியும் மூட்டுக்குள் சேறு போகிறது. உதிரிப்பாகம் கொழும்பில் இருந்து வர வேண்டும், வரவில்லை. இரண்டு அத்தியாயமாக அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். இடையில் ஊர்க்காரர் யாரோ சைக்கிள் குண்டுமணியைப் போட்டுச் சரிக்கட்டிவிடுகிறார்கள். "அவள் யார் என்று அவளே கேட்கும் இடம் ஒன்று வர வேண்டாமா?" என்று, வாசித்த புத்தகங்களின் பழக்கத்தில் கேட்டேன். "அவளுக்கு நேரம் இல்லை, அக்கா" என்றாள்.

என் ஒன்பதாவது கால், போன ஐப்பசியில் இருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பாதத்தையும் குழாயையும் இணைக்கும் ஆணிக்குள் ஏதோ தேய்மானம். ஓர் அடிக்கு ஒரு 'கிரீச்'. அடுத்த தவணைக்கு யாழ்ப்பாணம் போக இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. பொறுக்க முடியாமல் சந்தியில் சைக்கிள் திருத்துகிற அண்ணையிடம் போனேன். கடைக்குள் ஒரு ஸ்டூலில் இருந்து, கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைச் சக்கரத்தைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஆணியைக் கழற்றித் துருவைச் சுரண்டினார், ஒரு மெல்லிய வொஷர் போட்டார், கிறீஸ் தடவி இறுக்கினார். காசு எவ்வளவு என்று கேட்டேன். "பஞ்சர் ஒட்டினால்தான் காசு, தங்கச்சி" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வாசிகசாலைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, ஏழு பிள்ளைகளும் மேசையின் மேல் கைப்பேசியை வைத்துக்கொண்டு ஏதோ படப்பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் வந்து நிற்கும்வரை ஒருத்திக்கும் தெரியவில்லை. திடுக்கிட்டுத் திரும்பி, கைப்பேசியை ஒளித்து, பாவாடையைச் சரிசெய்து, ஒரே அமளி.

"ஏன் அக்கா சத்தம் இல்லாமல் வருகிறீர்கள்?" என்று சுருட்டைமுடிக்காரி என்னையே குற்றம் சாட்டினாள். "வேறு யாரோ என்று நினைத்துப் பயந்துவிட்டோம். அந்த அண்ணையிடம் சொல்லி, முந்தின மாதிரியே ஆக்கச் சொல்லுங்கள்."